மேல் தெருவின் செத்த வால்வு

சாவியக்காவை நீங்கள் பார்த்திருந்தால் முதலில் அந்தச் சாவியைத்தான் பார்த்திருப்பீர்கள். நெஞ்சுயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, மேலே குறுக்காகக் கைப்பிடி, கீழே சதுரமாக ஒரு வாய். அதைத் தோளில் போட்டுக்கொண்டு காலை ஐந்தரை மணிக்குத் தெருவில் இறங்குவார். சாலையோரக் குழியின் மூடியை நெம்பித் தள்ளி, சாவியை உள்ளே இறக்கிச் சுற்றுவார். அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும். அப்படி நாற்பத்தொரு தெருவுக்கு நாற்பத்தொரு வால்வு, எல்லாம் அவர் கையில்.

எந்த வால்வுக்கு எத்தனை சுற்று என்பது அவருக்கு மனப்பாடம். கடைத்தெருவுக்குப் பதினேழு, பள்ளிக்கூடத் தெருவுக்குப் பன்னிரண்டு, ஆஸ்பத்திரி லைனுக்கு இருபத்திரண்டு. சுற்றி முடித்ததும் சாவியின் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பார். குழாயில் தண்ணீர் போகிற சத்தம் இரும்பு வழியாக ஏறி வரும். எங்கே தாராளமாகப் போகிறது, எங்கே முக்குகிறது, எங்கே ஒழுகுகிறது என்று கேட்டே சொல்லிவிடுவார். நான் ஒலிப்பதிவு செய்கிறவன். முப்பது வருடமாகக் காதை வைத்துத்தான் பிழைக்கிறேன். அந்தக் காதைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

இன்னும் இரண்டு விஷயம் சொன்னால் அவர் வாழ்க்கை விளங்கிவிடும். ஒன்று, பதினொரு வருடமாக அவர் தினக்கூலி. குடிநீர் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு முறை நிரந்தரம் செய்கிறவர்களின் பட்டியல் வரும். பதினொரு வருடமும் வந்தது, அவர் பெயர் அதில் இல்லை. இந்த வருடம் காத்திருக்கிறவர்களின் வரிசையில் அவர் பெயர் மேலே ஏறி முதல் இடத்துக்கு வந்திருந்தது. கோப்பில் ஒரு கரும்புள்ளி கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

இரண்டாவது விஷயத்தைக் கேட்டால் உங்களுக்கும் என்னைப்போலப் பற்றிக்கொண்டு வரும். ஊருக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிடுகிற இவர் குடியிருந்த மேல் தெருவுக்குத் தண்ணீரே கிடையாது. எண்பத்தேழு படி ஏறிப் போக வேண்டிய தெரு. அதையும்விட உயரத்தில், கண்ணுக்கு எதிரே, ஊரின் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. தொட்டியின் நிழல்கூடச் சாயங்காலம் மேல் தெருவில்தான் விழும். தண்ணீர் மட்டும் விழாது. காலை வேலை முடிந்ததும் சாவியக்காவும் அவருடைய நாத்தனாரும் கீழே கடைத்தெருக் குழாயில் வரிசையில் நின்று, குடம் குடமாகப் பிடித்து, இடுப்பில் வைத்துப் படியேறுவார்கள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். பத்து நாளைக்கு ஒரு முறை வருவார், வந்து குளிப்பார். அந்தக் குளியலுக்கு மட்டும் மூன்று குடம் ஆகிறது என்று நாத்தனார் தன் அண்ணனைத் திட்டுவதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

மேல் தெருவுக்கு லைன் இல்லாமல் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்பே குழாய் போட்டு, தெருவில் நான்கு பொதுக்குழாயும் நட்டிருந்தார்கள். அடிவாரத்தில் வால்வும் இருந்தது. ஆனால் தண்ணீர் ஏறவில்லை. வால்வு முழுசாகத் திறந்துதான் இருக்கிறது, குழாயில்தான் எங்கோ அடைப்பு என்று எழுதி வைத்துவிட்டார்கள். அலுவலகச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் அந்த லைன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. எல்லோரும் அதைச் செத்த வால்வு என்றே சொன்னார்கள்.

இங்கேதான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் என்றால் டைரக்டர், கேமராக்காரர், நான். மூன்றே பேர். படம் எடுக்க வந்திருந்தோம். கதை இதுதான்: ஒரு கொள்ளைநோயில் ஊரே அழிந்துபோகிறது. நாற்பத்தேழு பேர் மட்டும் மிஞ்சுகிறார்கள். அவர்கள் எப்படி மறுபடி ஓர் ஊரைக் கட்டினார்கள் என்பதை நிஜமாகவே நடந்ததுபோல் பேட்டி எடுத்துக் காட்டுகிற பொய் ஆவணப்படம். டைரக்டருக்கு இருபத்தெட்டு வயது, வாய் மூடாது, கையில் காசு நிற்காது. நடிகர்களுக்குக் கொடுக்க வழியில்லாததால் ஊர்க்காரர்களையே பிடித்துப் போடுவது என்று முடிவு செய்தார். டீயும் பன்னும் சம்பளம்.

நாற்பத்தேழு பேர் என்று கதை. வந்தவர்கள் பத்தொன்பது பேர், எல்லோரும் மேல் தெருக்காரர்கள். சட்டையை மாற்றி, தலையை மாற்றி வாரி, அதே ஆட்கள் மறுபடி மறுபடி கேமராவுக்கு முன்னால் போனார்கள். பழைய திரைத்துணியைக் கிழித்து முகக்கவசம் தைத்துத் தந்தவர் சாவியக்காவின் நாத்தனார். தையல் வேலை செய்கிறவர். சம்பளமாகத் தனக்கு ஒரு வசனம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். என் பாடுதான் பெரும்பாடு. உலகமே அழிந்துபோன அமைதியை நான் பதிவு செய்ய வேண்டும். கோழி கத்தும், மோட்டார் ஓடும், பள்ளிக்கூட மணி அடிக்கும். ஆளரவமில்லாத தெரு என்று கேமராவை வைத்தால் ஒருவர் சைக்கிளில் வந்து கையாட்டிவிட்டுப் போவார். நான் திட்டாத ஆள் அந்த ஊரில் யாரும் மிச்சமில்லை.

சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு வந்த அந்த அம்மாவைப் பார்த்ததும் டைரக்டர் துள்ளிக் குதித்தார். “அக்கா, நீங்கதான் புது ஊரோட தண்ணி மந்திரி!” என்றார்.

“மந்திரி வேலையெல்லாம் வேணாம் தம்பி. எனக்கு இருக்கிற வேலை போதும்” என்றார் சாவியக்கா.

“அண்ணி, சும்மா நடிங்க. உங்களுக்காவது தானா வாய்ப்பு வருது, நான் கேட்டு வாங்க வேண்டியிருக்கு” என்று நாத்தனார் இடித்தார். அதற்காக ஒப்புக்கொண்டார்.

பழைய பம்ப் ஹவுஸில் வைத்துப் பேட்டி. ஒரு நாற்காலி, பின்னால் துருப்பிடித்த மோட்டார். டைரக்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “நோய் வந்து ஊரே காலியாயிடுச்சு. அதுக்கு அடுத்த நாள் காலையில நீங்க என்ன செஞ்சீங்க?”

“அஞ்சரைக்குக் கடைத்தெரு லைனைத் திறந்தேன்.”

“அக்கா, ஊர்ல யாருமே இல்லையே.”

“நாற்பத்தேழு பேர் இருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அவங்க பல்லு தேய்க்க வேணாமா?”

“சொந்தக்காரங்க எல்லாம் செத்துட்டாங்க. துக்கத்துல இருக்கீங்க.”

“துக்கம்தான். ஆனா துக்கத்துக்கு வந்தவங்களுக்கும் தண்ணி வேணுமே தம்பி.”

கேமராக்காரர் சிரித்ததில் படம் ஆடிவிட்டது. மறுபடி எடுத்தோம். அவர் மறுபடியும் அதையேதான் சொன்னார். அந்த அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று. அது பின்னால் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று தெரியவில்லை.

படத்தின் முக்கியமான காட்சி, நோய்க்குப் பிறகு முதல்முறையாகத் தண்ணீர் வருவது. ஓடுகிற வால்வில் கை வைக்க அலுவலகம் அனுமதி தராது. என்ஜினியர் பெருந்தன்மையாக ஒரு கடிதம் கொடுத்தார்: மேல் தெரு வால்வில் நடிப்புக்காக மட்டும் படமெடுத்துக்கொள்ளலாம், வேறு எந்த வால்வையும் தொடக் கூடாது. “செத்ததுதானே, அதுல என்ன வேணா பண்ணிக்கோங்க” என்று வாயாலும் சொன்னார். சாவியக்காவிடம் மட்டும் தனியாக, “பட்டியல் வெள்ளிக்கிழமை மேலிடத்துக்குப் போகுது. அதுவரைக்கும் எந்த வம்புக்கும் போகாதேம்மா” என்றார். அன்று செவ்வாய்.

பகல் பதினொரு மணி. காலைத் தண்ணீர் விட்டு முடித்து, ஊரில் எல்லா வால்வும் மூடிய நேரம். மேல் தெருவில் பத்தொன்பது பேரும் நான்கு குழாய்களைச் சுற்றி நின்றார்கள். துருப்பிடித்த குழாய்களுக்கு நாங்கள் வெள்ளிப் பூச்சு அடித்திருந்தோம். கீழே வால்வுக் காட்சியை எடுத்துவிட்டு மேலே வந்து டைரக்டர் கையைக் காட்டினால் தண்ணீர் வந்ததுபோல் ஆனந்தப்பட வேண்டும் என்று சொல்லியிருந்தோம். அடிவாரத்தில், வால்வுக் குழியருகே, டைரக்டர், சாவியக்கா, நாத்தனார், நான், கேமரா. என் சின்ன மைக் ஒன்றைச் சாவித் தண்டிலேயே டேப் போட்டு ஒட்டியிருந்தேன்.

வால்வுகள் பற்றி ஒரு பாலபாடம் சொல்ல வேண்டும். இடப்பக்கம் சுற்றினால் திறக்கும், வலப்பக்கம் சுற்றினால் மூடும். சாவியக்கா சாவியை இறக்கி இடப்பக்கம் திருப்பினார். அசையவில்லை. முழுசாகத் திறந்திருக்கும் வால்வு மேற்கொண்டு எப்படி அசையும்? முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து, திறப்பதுபோல் நடித்தார்.

“கட், கட்! அக்கா, உங்க தோள் முகத்தை மறைக்குது. அந்தப் பக்கமா திருப்புங்க.”

“அந்தப் பக்கம் மூடுற பக்கம் தம்பி.”

“படம் பாக்கிறவனுக்கு அதெல்லாம் தெரியுமா? எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்ணும் வரப்போறதில்லையே.”

“வால்வு தெரிஞ்சவன் பாத்தா சிரிப்பான்.”

“வால்வு தெரிஞ்சவன் எவன் என் படத்தைப் பாக்கப்போறான்?”

மூடினாலும் செத்த லைன், திறந்தாலும் செத்த லைன். தலையில் அடித்துக்கொண்டு வலப்பக்கம் திருப்பினார். முதலில் அசையவில்லை. நாத்தனாரும் கைகொடுத்தார். இருவரும் சேர்ந்து ஒரு உந்து உந்த, வால்வு முனகிக்கொண்டு கால் சுற்று போனது. பிறகு அரை. “ஒண்ணு” என்று எண்ணினார் சாவியக்கா. எந்த வால்வைத் தொட்டாலும் எண்ணுகிற பழக்கம். “ரெண்டு.” கேமரா ஓடிக்கொண்டிருந்தது, டைரக்டர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

மூன்றாவது சுற்றில் என் காதில் ஒரு சத்தம் கேட்டது.

முதலில் மெல்லிய சீறல். காற்று. அதற்குப் பின்னால், வெகு ஆழத்திலிருந்து, கனமான ஏதோ ஒன்று நகர்ந்து வருகிற இரைச்சல். என் கருவியில் கோளாறு என்று நினைத்து ஒயரை ஆட்டினேன். சாவியக்கா அதற்குள் கைப்பிடியில் காதை வைத்துவிட்டார். அவர் முகத்தில் இருந்த நடிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது.

“அண்ணே” என்றார் என்னைப் பார்த்து. “உங்களுக்குக் கேக்குதா?”

“கேக்குது.”

“என்ன கேக்குது?”

“தண்ணிம்மா” என்றேன்.

ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எங்களுக்குப் புரியப் பத்து நிமிடம் ஆயிற்று. இந்த ஒரு வால்வு மட்டும் வேறு எங்கோ செய்தது. இதற்கு வலப்பக்கம்தான் திறக்கிற பக்கம். போட்டவனுக்குத் தெரிந்திருக்கும், அவன் யாரிடமும் சொல்லாமல் மாற்றலாகிப் போயிருப்பான். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் ஊர் வழக்கப்படி இடப்பக்கம் சுற்றி, அதற்குமேல் போகாமல் நின்றதும், முழுசாகத் திறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை எல்லா வால்வுக்கும் கிரீஸ் போட்டுத் திருப்பிப் பார்ப்பது வழக்கம். ஒவ்வொரு வருடமும் ஒவ்வோர் ஆளும் திறப்பதாக நினைத்து அதை இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“நானும்தான்” என்றார் சாவியக்கா. குழி விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “பதினொரு வருஷம். என் கையால நானே இறுக்கியிருக்கேன். இறுக்கிட்டு, குடத்தை எடுத்துக்கிட்டுப் படியேறியிருக்கேன்.”

நாத்தனார் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர். அன்றைக்கு அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து, படியேறித் தேய்ந்துபோன தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த இடத்திலேயே மூடியிருக்கலாம். மூடியிருக்க வேண்டும் என்றுதான் விதி. அனுமதி இல்லாமல் ஒரு லைனில் தண்ணீர் விடுவது பெரிய குற்றம். பழைய குழாய் வெடித்தால் தெரு மண் சரியும். வெள்ளிக்கிழமை பட்டியல். இதெல்லாம் எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனை நேரம் நின்றார் என்று என் பதிவில் இருக்கிறது: ஐம்பத்திரண்டு விநாடி. பிறகு நாத்தனாரைப் பார்த்து, “மேல ஓடிப்போய் நாலு குழாயையும் திறந்துவிடச் சொல்லு. முதல்ல வர்ற தண்ணிய யாரும் பிடிக்கக் கூடாது, வாயில வைக்கக் கூடாது. குழாய் எங்கயாவது ஒழுகினா கத்தச் சொல்லு, மூடிடுறேன்” என்றார். அந்த முழங்காலோடு நாத்தனார் படியில் ஓடியதை நான் பார்த்தேன். அவருக்குப் பின்னால் கேமராக்காரர் ஓடினார்.

சாவியக்கா காதைச் சாவியில் வைத்துக்கொண்டு கால் கால் சுற்றாகத் திறந்தார். ஒரே மூச்சில் திறந்தால் காற்று அடைத்துக் குழாய் கிழியும் என்றார். எனக்கு மேலே என்ன நடந்தது என்பது பிறகு படத்தில் பார்த்துத்தான் தெரியும். முதலில் நான்கு குழாயும் இருமின. பிறகு செங்கல் கரைத்ததுபோல் சிவப்பாகத் துப்பின. அரைமணி நேரம் சிவப்பு. பிறகு பழுப்பு. பிறகு தெளிந்தது. ஆனந்தப்படச் சொல்லி யாரும் கையைக் காட்டவில்லை. ஆனந்தப்பட வேண்டியவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஒருவர் முகக்கவசத்தைக் கழற்றி அதைத் தண்ணீரில் அலசினார். ஒரு பெண்மணி குழாயை மூடினார், திறந்தார், மூடினார், திறந்தார். அப்புறம்தான் யாரோ அழ ஆரம்பித்தார்கள்.

நாற்பது நிமிடம் விட்டார். எங்கும் வெடிக்கவில்லை. பிறகு இடப்பக்கமாக எண்ணிச் சுற்றி மூடினார். “பதினாலு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஊரின் நாற்பத்திரண்டாவது வால்வின் கணக்கு அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் என்ஜினியர் வந்தார். தொட்டியில் நீர்மட்டம் ஓர் அடி குறைந்திருந்தது. மேல் தெருவில் தண்ணீர் வந்ததாக ஊரெல்லாம் பேச்சு. பம்ப் ஹவுஸில் எங்கள் மூவரையும் சாவியக்காவையும் நிற்கவைத்துக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். முப்பது வருடமாகத் தப்பாகச் சுற்றினோம் என்று மேலிடத்துக்கு எழுத வேண்டிய நிலை எந்த அதிகாரிக்குத்தான் பிடிக்கும்?

“படத்துக்காக லாரித் தண்ணி கொண்டாந்து விட்டீங்களா?” என்று டைரக்டரிடம் கேட்டார். கேட்ட தொனியிலேயே பதிலையும் கையில் கொடுத்துவிட்டார்.

டைரக்டர் பிடித்துக்கொண்டார். “ஆமா சார். லாரித் தண்ணிதான். மறைச்சு வச்சு பைப் போட்டு விட்டோம். எங்க படமே பொய்ப் படம்தானே சார்?”

“அப்போ தொட்டியில குறைஞ்சது?”

“எங்கயாவது கசிவு இருக்கும் சார்” என்று நானும் சேர்ந்துகொண்டேன். வெட்கமில்லாமல் சொன்னேன். அந்த அம்மாவின் வேலை பிழைக்க வேண்டும், அவ்வளவுதான் என் மனசில். என்ஜினியர் முகம் தெளிந்தது. எல்லோருக்கும் சௌகரியமான பொய். படம் பொய் என்று ஊருக்கே தெரியும். பட்டியல் வெள்ளிக்கிழமை போய்விடும். சாவியக்கா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

“லாரி இல்ல சார்” என்றார் சாவியக்கா.

டைரக்டர் அவர் கையைத் தொட்டார். “அக்கா, சும்மா இருங்கக்கா.”

“எப்படி தம்பி சும்மா இருக்கிறது? லாரித் தண்ணின்னு எழுதிட்டா அந்த லைன் மறுபடி செத்துடும். அப்புறம் யாரு அதை வலப்பக்கம் திருப்பிப் பாக்கப்போறாங்க?” என்ஜினியர் பக்கம் திரும்பினார். “நான்தான் சார் திறந்தேன். அனுமதி வாங்கல. நாப்பது நிமிஷம் விட்டேன். அது ரிவர்ஸ் வால்வு சார். வாங்க, நீங்களே திருப்பிப் பாருங்க.”

“யோசிச்சுப் பேசும்மா. காதால கேட்டுட்டா நான் எழுதணும். எழுதினா பட்டியல்ல உன் பேரு இருக்காது.”

“தெரியும் சார்.”

  என்ஜினியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடிவாரத்துக்கு நடந்தார். சாவியை வாங்கித் தன் கையாலேயே வலப்பக்கம் சுற்றினார். சாவியக்கா அவர் தலையைப் பிடித்து அழுத்தாத குறைதான். “காதை வைங்க சார், காதை வைங்க” என்றார். அவர் வைத்தார். நிமிர்ந்தபோது அவர் கண்ணாடி மூக்கில் கோணலாக இருந்தது. சரிசெய்யத் தோன்றவில்லை.

குழாயைச் சோதித்தார்கள், தண்ணீரைச் சோதித்தார்கள், இரண்டு இடத்தில் மூட்டு மாற்றினார்கள். இரண்டே மாதத்தில் வரைபடத்தில் பெருக்கல் குறியை அடித்துவிட்டு நீல மையில் கோடு போட்டார்கள். மேல் தெருவுக்குத் தினமும் சாயங்காலம் ஆறு முதல் ஆறே முக்கால் வரை தண்ணீர். சாவியக்காவுக்கு ஒரு மெமோ வந்தது: உத்தரவில்லாமல் வால்வைத் திறந்த காரணம் என்ன? பதில் எழுத என்னைக் கூப்பிட்டார். நான் சட்டம், சூழ்நிலை, மனிதாபிமானம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவர் படித்துவிட்டு, “இவ்வளவு எதுக்கண்ணே?” என்று வேறு தாள் எடுத்து ஒரே வரி எழுதினார்: ‘மேல் தெருவுக்குத் தண்ணீர் போக.’

பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அலுவலகத்துக்கே போய்க் கத்தினேன். என்ஜினியர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். மெமோவுக்குப் பக்கத்திலேயே அவர் கைப்பட எழுதிய சிபாரிசும் இருந்தது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருடம் என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆகாது. இருந்தாலும் அவர் எழுதியிருந்தார் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

படம் முடிய ஐந்து மாதம் ஆயிற்று. வெளியூர்களில் பார்த்தவர்கள் எல்லாம் தண்ணீர் வரும் காட்சியைப் புகழ்ந்து, இவ்வளவு குறைந்த செலவில் அதை எப்படி ஜோடித்தீர்கள் என்று கேட்டார்கள். டைரக்டர் ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொன்னார். யாரும் நம்பவில்லை.

கடைசியில் அந்த ஊரிலேயே, பள்ளிக்கூட அரங்கில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் படம் போட ஏற்பாடு செய்தோம். சுவரொட்டி ஒட்டினோம். நூற்றைம்பது நாற்காலி போட்டோம். ஆறு மணி ஆயிற்று, ஆறேகால் ஆயிற்று. கீழ்த் தெருக்காரர்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். படத்தில் நடித்த பத்தொன்பது பேரில் ஓர் ஈ காக்கைகூட வரவில்லை. டைரக்டர் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நன்றி கெட்ட ஜனங்கள் என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

அடிவாரத்தில் சாவியக்கா குழிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மேலேயிருந்து வாளிச் சத்தம், துணி துவைக்கிற சத்தம், யாரோ யாரையோ சோப்புக்காகத் திட்டுகிற சத்தம் எல்லாம் இறங்கி வந்துகொண்டிருந்தன.

“என்னம்மா இது? அங்க படம் போட்டு வச்சிருக்கோம், ஒருத்தரையும் காணோம்!”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “தண்ணி வர்ற நேரத்துல படம் போட்டா யாரு வருவாங்கண்ணே?”

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சில மாதத்துக்குள் அவர்களுக்குத் தண்ணீர் வருகிற நேரம் என்று ஒன்று வந்துவிட்டிருக்கிறது. மற்ற தெருக்காரர்களைப்போல அதைச் சாக்குச் சொல்லி ஓர் அழைப்பைத் தட்டவும் தெரிந்துவிட்டிருக்கிறது. நான் முப்பது வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக எவரிடமும் தோற்றதில்லை.

“பட்டியல்ல பேரு இல்லாம போச்சே, கோபம் வரலையா?” என்று கேட்டேன்.

“வராம? மூணு நாள் சரியா சாப்பிடல. அழுதேன். அப்புறம் பசிச்சுது.”

“அந்த நாப்பது நிமிஷத்தைத் திருப்பிக் குடுத்தா என்ன செய்வீங்க?”

கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “ஒரு மணி நேரம் விடுவேன்” என்றார்.

ஆறே முக்காலுக்கு எழுந்து இடப்பக்கமாகப் பதினான்கு சுற்று சுற்றி மூடினார். நான் அரங்கத்துக்குத் திரும்பி டைரக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், சுவரொட்டியில் ‘மாலை ஆறு மணி’ என்று இருந்ததை அடித்துவிட்டு, அதற்கு மேலே ‘தண்ணீர் நின்ற பிறகு’ என்று எழுதினார். ஏழு மணிக்கு ஈரத் தலையோடு மேல் தெரு முழுவதும் வந்து இறங்கியது. நாற்காலி போதவில்லை.